கடமை நேரத்துக்கு அப்பால்: மருத்துவ ஊழியரின் உதவிக் கடமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கடமை முடிந்து வீடு திரும்பும் தாதி, விடுமுறையிற் பயணஞ் செய்யும் வைத்தியர், தேநீர்க் கடையில் இளைப்பாறும் அம்புலன்ஸ் ஊழியர் ஆகியோரின் கண்முன்னே ஓர் உயிர் ஊசலாடுமாயின் அவர்கள் உதவுதல் நன்று என்பதை மறுப்பார் இலர். ஆயின் அது நற்பண்பு மாத்திரமா, அன்றிக் கடமையா என்பது வேறொரு வினா. கடமையெனின் அதனை விதிப்பது யார்? மனச்சாட்சியா, தொழிற்சபையா, அரசா? அக்கடமையை ஏற்கும் ஊழியனுக்குச் சமூகம் திருப்பிச் செய்யவேண்டியது யாது?

இவ்வினாக்களை அறவியலாளர் பெரும்பாலும் தனிமனிதனின் மனச்சாட்சி சார்ந்தனவாகவே ஆராய்ந்து வந்துள்ளனர். எனினும் வரலாற்று நோக்கில் இவற்றை அணுகுமிடத்து ஓர் உண்மை புலப்படும். மருத்துவம் எவ்வகைச் சமூக உறவுகளுள் இயங்குகின்றதோ அவ்வுறவுகளுக்கு ஏற்பவே ‘உதவிக் கடமை’ என்னும் கருத்தும் விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கின்றது. அக்கருத்தின் வளர்ச்சியைச் சில குறிப்பிட்ட சட்டங்கள், தீர்ப்புகள், தொழிலொழுக்கக் கோவைகள் வாயிலாக ஆராய்ந்து, நமது நாட்டு நிலைமைக்கு அவை உணர்த்துவன எவையெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைய மரபுகள்

மருத்துவ அறம் பற்றிப் பேசுவோர் ஹிப்போகிரட்டிசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியையே முதலில் எடுத்துக்காட்டுவர். ஆயின் அவ்வுறுதிமொழி, நோயாளியின் இல்லத்துட் புகுந்த மருத்துவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையே கூறுகின்றது. அழைப்பு வந்தவிடத்துச் சென்றேயாக வேண்டும் என்று அது விதிக்கவில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்வோன் எனச் சிகிச்சையின் நான்கு கூறுகளைப் பகுத்துக் காட்டுகின்றது. அதுவும் சிகிச்சை தொடங்கிய பின்னுள்ள உறவைப் பற்றியதேயாம்.

இது வியப்புக்குரியதன்று. நிலமானிய அமைப்பிலும் அதற்கு முந்திய அமைப்புகளிலும் மருத்துவன் அரசனையோ கோயிலையோ ஊரையோ சார்ந்து வாழ்ந்தவன். மானியம் பெற்றும், விளைச்சலிற் பங்கு பெற்றும் வாழ்ந்த ஒருவனுக்குக் ‘கடமை நேரம்’ என்றும் ‘ஓய்வு நேரம்’ என்றும் பகுக்கப்பட்ட இருவேறு காலங்கள் இருக்கவில்லை. நேரம் கூலியால் அளக்கப்படும் சமூகத்திலேதான் ‘கடமையில் இல்லாதவன்’ என்ற நிலை தோன்ற முடியும். எனவே நாம் எடுத்துக்கொண்ட வினா நவீன காலத்துக்கே உரியது என்பது மனங்கொளத்தக்கது.

மெக்காலேயின் சத்திரவைத்தியர்

இவ்வினா நவீன சட்டச் சிந்தனையில் இடம்பெற்ற முக்கியமான ஆவணங்களுள் ஒன்று, கல்கத்தாவில் எழுதப்பட்டது. 1834 இல் அமைக்கப்பட்ட முதலாவது இந்தியச் சட்ட ஆணைக்குழு, மெக்காலேயின் தலைமையில் 1837 இல் தண்டனைச் சட்டக்கோவை ஒன்றின் வரைவை முன்வைத்தது. அவ்வரைவுடன் இணைக்கப்பட்ட குறிப்புகளுள் ஒன்று, செய்யாமையாற் குற்றம் விளையுமா என்பதை ஆராய்கின்றது.

அக்காலத்தில் அமெரிக்காவின் லூயிசியானாவுக்கெனச் சட்டக்கோவை வரைந்த லிவிங்ஸ்ரன், தன்னுயிருக்கு ஆபத்தோ தனக்குப் பொருள் நட்டமோ இன்றி ஓர் உயிரைக் காக்க வல்லவன் அதனைக் காவாது விடுவானாயின் அவன் கொலைக் குற்றவாளியாவான் என்று விதித்திருந்தார். மெக்காலே இதனை ஏற்கவில்லை. வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடக்க முற்படும் வழிப்போக்கனுக்கு ஆபத்தை அறிவிக்காது வாளாவிருப்பவன் குற்றவாளியா என அவர் வினவினார். எச்சரிப்பதற்கென அதிகாரிகளால் நிறுத்தப்பட்ட சேவகனாயின், அல்லது வழிகாட்டுவதாக ஒப்பந்தஞ் செய்தவனாயின் அவன் குற்றவாளி. மனிதாபிமானத்தைத் தவிர வேறெந்த உரித்தும் வழிப்போக்கனுக்கு அவன்மீது இல்லையாயின் அவன் குற்றவாளியல்லன் என்பது அவரது விடை. இதன் தொடர்ச்சியாகவே சத்திரவைத்தியர் பற்றிய எடுத்துக்காட்டு வருகின்றது. கல்கத்தாவிலுள்ள சத்திரவைத்தியர் ஒருவர், மீரத் நகருக்குச் சென்று ஓர் அறுவைச் சிகிச்சையைச் செய்ய மறுக்கின்றார். இந்தியா முழுவதிலும் அச்சிகிச்சையைச் செய்ய வல்லவர் அவர் ஒருவரே. அவர் செல்லாவிடின் நோயாளி இறப்பது உறுதி. எனினும் அவரைக் கொலையாளி எனல் தகாது என்றார் மெக்காலே. இத்தகைய செய்கைகளுக்கான தூண்டுதலைச் சட்டமன்று, பொதுசன அபிப்பிராயமும் ஒழுக்க சமய போதனைகளுமே வழங்கவேண்டும் என்பது அவரது முடிவாகும்.

1860 இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை இக்கொள்கையையே தழுவியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டெழுந்த இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் சட்டத்தால் விதிக்கப்பட்ட கடமையை மீறிய செய்யாமையை மாத்திரமே செயலுக்கு ஒப்பானதாகக் கொள்கின்றது. ஆதலின் மெக்காலேயின் சத்திரவைத்தியர் நமது சட்ட வரலாற்றுக்கும் உரியவராகின்றார்.

மெக்காலேயின் நியாயத்தில் வலிமை உண்டு. எல்லையற்ற கடமையை விதிக்கும் சட்டம் எவரையும் குற்றவாளியாக்கவல்லது. ஆயின் அவர் தேர்ந்த எடுத்துக்காட்டே வாதத்தின் பாதியை வென்றுகொடுத்துவிடுகின்றது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். கல்கத்தாவுக்கும் மீரத்துக்கும் இடைப்பட்ட தூரம் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகம். அது புகையிரதம் இல்லாத காலம். இத்தூரத்தை நீக்கிவிட்டு, நோயாளி அதே தெருவில் வீழ்ந்து கிடப்பதாகக் கொள்வோமாயின் எடுத்துக்காட்டின் வலிமை பெரிதும் குன்றிவிடும். தொலைவிலுள்ளோனுக்குக் கடமையில்லை என்பதிலிருந்து அண்மையிலுள்ளோனுக்கும் கடமையில்லை என்ற முடிபு பெறப்படமாட்டாது.

பிறிதொன்றும் உண்டு. இவ்வரைவு முன்வைக்கப்பட்ட 1837–38 காலப்பகுதியிலேயே கங்கை யமுனை இடைநிலத்தின் பல மாவட்டங்களைப் பெரும் பஞ்சம் வாட்டியது. செல்வமுடையவன் பசித்தவனுக்கு உணவு கொடாது விடுதல் கொலையாகாது என்பதும் மெக்காலேயின் குறிப்பிற் காணப்படும் வாதமே. தனியுடைமையின் புனிதத்தை அடித்தளமாகக் கொண்ட தாராண்மைவாதச் சட்டவியல், செய்யாமையைக் குற்றமாக ஏற்குமாயின் அது வைத்தியருடன் நின்றுவிடாது. தானியக் களஞ்சியத்தின் உரிமையாளனையும், ஈற்றில் அரசையும் சென்று தீண்டும். இவ்வச்சமே மெக்காலேயைத் தூண்டியது என நிறுவ முடியாதாயினும், அக்கொள்கை யாருடைய நலனுக்கு இயைந்தது என்பது தெளிவு.

ஒப்பந்தச் சுதந்திரமும் மருத்துவமும்

முதலாளித்துவம் முழுவளர்ச்சி பெற்ற அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இக்கொள்கை அதன் தர்க்கரீதியான எல்லையை அடைந்தது. 1901 இல் இந்தியானா மாநில உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதற்குத் தக்க சான்றாகும். ஒரு குடும்பத்துக்கு வழக்கமாகச் சிகிச்சை செய்துவந்த வைத்தியர், நோயாளி ஆபத்தான நிலையில் இருப்பதையும் வேறு வைத்தியர் கிடைக்கமாட்டார் என்பதையும் அறிந்திருந்தும், கட்டணம் முன்வைக்கப்பட்டும், காரணம் எதுவுமின்றிச் செல்ல மறுத்தார். நோயாளி இறந்தார். வைத்தியர் பொறுப்பாளியல்லர் என்று நீதிமன்றம் தீர்த்தது. மருத்துவ அனுமதிப்பத்திரம் தகுதியற்றோரைத் தடுப்பதற்கானது. தகுதியுற்றோரைத் தொழில் செய்யுமாறு கட்டாயப்படுத்துவதற்கானதன்று என்பது நீதிமன்றம் கூறிய நியாயம். விடுதி நடத்துவோனும் பொதுச் சுமைகாவியும் வருவோரை மறுக்கலாகாது என்ற பழைய சட்டவிதியோடு வழக்குரைஞர் ஒப்பிட்டுக் காட்டியதும் ஏற்கப்படவில்லை.

இத்தீர்ப்பின் உட்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. வழிப்பயணிக்கு அறை கொடுப்பவனுக்கும் பொதிகளை ஏற்றிச் செல்பவனுக்கும் பொதுக் கடமை உண்டு. உயிரைக் காக்கும் கலையைக் கற்றவனுக்கு இல்லை. வணிகம் தங்குதடையின்றி நடைபெறுவதற்கு முன்னிருவரின் கடமை இன்றியமையாததாயிற்று. மருத்துவமோ விற்பவனின் விருப்பத்துக்குட்பட்ட பண்டமாகக் கருதப்பட்டது.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஒழுக்கக் கோவைகளும் இம்மாற்றத்தைக் காட்டுகின்றன. 1847 ஆம் ஆண்டுக் கோவை, நோயாளரின் அழைப்புக்கு எப்பொழுதும் ஆயத்தமாயிருத்தலை வைத்தியரின் முதற் கடமைகளுள் ஒன்றாகக் கூறியது. கொள்ளைநோய்க் காலத்தில் தன்னுயிருக்கு ஆபத்து நேரினும் பணியாற்றவேண்டும் என்றும் விதித்தது. 1912 இற் செய்யப்பட்ட திருத்தமோ தான் யாருக்குச் சேவை செய்வது என்பதைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் வைத்தியருக்கு உண்டு எனப் பிரகடனஞ் செய்தது. எனினும் அத்திருத்தமே அவசர வேளைகளை விதிவிலக்காக்கியது. உலக மருத்துவச் சங்கம் 1949 இல் ஏற்ற சர்வதேச ஒழுக்கக் கோவையும், உதவ விரும்புவோரும் வல்லோரும் பிறர் உளரென்ற உறுதி இல்லாதவிடத்து அவசர சிகிச்சை அளித்தல் மனிதாபிமானக் கடமையாகும் என்றது. நீதிமன்றம் கைவிட்ட கடமையை, தொழிற்சபைகள் முழுமையாகக் கைவிடத் துணியவில்லை. பொதுமக்களின் நம்பிக்கையே தமது தொழிலின் மூலதனம் என்பதை அவை நன்கறிந்திருந்தன.

உதவியவர் மீதே வழக்குத் தொடரப்படும் என்ற அச்சம் அமெரிக்க வைத்தியரிடையே பரவியபோது, கலிபோர்ணியா மாநிலம் 1959 இல் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை இயற்றியது. ஏனைய மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. நல்ல சமாரியன் சட்டங்கள் என வழங்கும் இவை உதவும்படி கட்டளையிடுபவை அல்ல. உதவுவோனைக் காப்பவை மாத்திரமே. வேர்மொண்ட் போன்ற ஒருசில மாநிலங்களே உதவுதலைப் பொதுமக்கள் அனைவர்க்குமுரிய கடமையாக்கின. அங்கும் கடமை தவறுவோனுக்கான தண்டம் 100 டொலருக்கு மேற்படாது.

தண்டனை வழிவந்த கடமை

ஐரோப்பியக் கண்டத்தின் வரலாறு வேறாயிற்று. ஜேர்மனியில் நாஜி ஆட்சியினர் 1935 இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, ‘மக்களின் ஆரோக்கியமான உணர்வு’ வேண்டுமிடத்து உதவாது விடுதலைப் பொதுக் குற்றமாக்கினர். தனிமனிதனை இனச் சமுதாயத்துட் கரைத்துவிடும் பாசிசச் சித்தாந்தம் இச்சொற்றொடரில் வெளிப்படையாகவே தெரிகின்றது. போரின் பின்னர் 1953 இல் அச்சொற்றொடர் நீக்கப்பட்டது. ஆயின் கடமை நிலைத்தது.

பிரான்சின் கதை இன்னும் கசப்பானது. 1941 ஒக்டோபர் 20 இல் நாந்த் நகரில் ஜேர்மன் இராணுவ அதிகாரி ஒருவர் எதிர்ப்பியக்கத்தினராற் கொல்லப்பட்டார். பழிவாங்கும் முகமாக ஒக்டோபர் 22 இல் பணயக் கைதிகள் பலர் சுடப்பட்டனர். சத்தோபிரியான் முகாமில் அடைக்கப்பட்டிருந்த இளங் கம்யூனிஸ்ட் கீ மொக்கே அவர்களுள் ஒருவர். மூன்று நாட்கள் கழித்து, ஒக்டோபர் 25 இல், விச்சி அரசு ஆபத்திலிருப்போருக்கு உதவாமையைக் குற்றமாக்கும் சட்டத்தைப் பிறப்பித்தது. ஆக்கிரமிப்பாளனுக்கு எதிரான செயல்களைத் தடுக்காது விடுவோரையும் தண்டிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. எனினும் விடுதலைக்குப் பின் அமைந்த அரசு, 1945 யூன் 25 இல் அதனைத் திருத்தி மனிதாபிமான அடிப்படையிற் பேணிக்கொண்டது. தற்போதைய பிரெஞ்சுத் தண்டனைச் சட்டக்கோவை, தனக்கோ பிறர்க்கோ ஆபத்தின்றி உதவக்கூடிய ஒருவன் வேண்டுமென்றே உதவாதுவிடின் ஐந்து ஆண்டுச் சிறையும் 75,000 யூரோத் தண்டமும் விதிக்க இடமளிக்கின்றது. இச்சட்டம் அனைவருக்கும் பொதுவானதாயினும், நோயின் தன்மையை அறியவல்ல வைத்தியர்மீது இயல்பாகவே கூடுதலான பாரம் விழுகின்றது.

சோவியத் நாட்டில் மூன்றாவதொரு வழி கையாளப்பட்டது. 1924 டிசெம்பரில் வெளியான ருசியக் குடியரசின் ஆணை ஒன்று, உடனடி உதவி தேவைப்படுமிடத்து முதலுதவி வழங்குதலை மருத்துவ ஊழியரின் கடமையாக்கியது. உதவக் கடமைப்பட்டவர் தக்க காரணமின்றி நோயாளிக்கு உதவ மறுத்தலை 1926 ஆம், 1960 ஆம் ஆண்டுகளின் தண்டனைச் சட்டக்கோவைகள் குற்றமாகக் கொண்டன. இங்கு கடமை, அருகில் நிற்பவன் என்ற வகையிலன்றி, மருத்துவ ஊழியன் என்ற வகையிலேயே எழுகின்றது. மருத்துவத்தைப் பண்டமாகவன்றிப் பொதுச்சேவையாக ஒழுங்கமைத்த சமூகத்தில் இவ்விதி தோன்றியமை இயல்பே. அவ்வரசின் ஏனைய குறைபாடுகள் இவ்வுண்மையை மாற்றமாட்டா.

இவ்வரலாறுகள் உணர்த்துவது யாது? ஒரு கடமை பாசிச அரசினாற் சட்டமாக்கப்பட்டதாயின் அது பாசிசக் கடமையாகிவிடுவதில்லை; சுதந்திரத்தின் பெயரால் மறுக்கப்பட்டதாயின் அம்மறுப்பு முற்போக்கானதாகிவிடுவதுமில்லை. எனினும், உதவிக் கடமையைத் தண்டனைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்கும்போது அதனைக் கையாள்வது எவ்வகை அரசு என்ற வினாவிலிருந்து நாம் தப்பமுடியாது.

அருகாமை என்னும் அளவுகோல்

ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் இறுக்கத்தைத் தளர்த்திய முக்கிய தீர்ப்பு அவுஸ்திரேலியாவில் எழுந்தது. 1987 இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வலிப்பு நோயாற் துடித்த சிறுவன் ஒருவனின் சகோதரி, அண்மையிலிருந்த சிகிச்சை நிலையத்துக்கு ஓடிச்சென்று வைத்தியரை அழைத்தாள். அவர் வர மறுத்தார் என்பது விசாரணை நீதிபதியின் முடிபு. சிறுவன் மூளைப் பாதிப்புக்கு உள்ளானான். அவன் அவரது நோயாளியாக ஒருபோதும் இருந்ததில்லை. எனினும் வைத்தியருக்குப் பராமரிப்புக் கடமை இருந்தது என்று 1996 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. வைத்தியர் தொலைவில் இல்லை. தொழில் செய்யும் இடத்திலேயே, தொழிலுக்கு ஆயத்தமான நிலையிலேயே இருந்தார். வேறு நோயாளியைக் கவனித்துக் கொண்டிருக்கவில்லை. தேவையான மருந்தும் அறிவும் அவரிடம் இருந்தன. அவசர வேளையில் காரணமின்றிச் செல்ல மறுத்தலைத் தொழில் ஒழுக்கக்கேடாக வகுத்த 1938 ஆம் ஆண்டுச் சட்டமும் அம்மாநிலத்தில் இருந்தது. மெக்காலே தூரத்தைக் கொண்டு மறுத்த கடமையை, இந்நீதிமன்றம் அருகாமையைக் கொண்டு நிலைநாட்டிற்று எனலாம்.

ஆயின் அருகாமை மாத்திரம் போதுமா? மேற்கு அவுஸ்திரேலியாவில் 2002 இல் நிகழ்ந்த சம்பவம் இதற்கு மறுபுறத்தைக் காட்டுகின்றது. இரவிற் காரோட்டிச் சென்ற வைத்தியர் ஒருவர், வேறொரு வாகனத்துடன் மோதுவதிலிருந்து மயிரிழையில் தப்பினார். அவ்வாகனம் வீதியை விட்டு விலகி விபத்துக்குள்ளாயிற்று. இருளில், கைவிளக்கோ தொலைபேசியோ மருத்துவ உபகரணமோ இன்றி, அதிர்ச்சியுற்ற நிலையில் அவர் அங்கு நில்லாது பொலிஸ் நிலையத்துக்குச் சென்று முறையிட்டார். அது தொழிலுக்கு ஒவ்வாத நடத்தை என நியாயசபை 2013 இற் கண்டது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிபை நீக்கியது. அத்தகைய திட்டவட்டமான கடமையைத் தொழிற்சமூகம் அக்காலத்தில் பொதுவாக ஏற்றிருந்தது என்பதற்குச் சான்றில்லை என்றது.

இவ்விரு வழக்குகளையும் இணைத்து நோக்குமிடத்து ஒரு வேறுபாடு தெளிவாகும். முதலாவதில் வைத்தியர் கருவியும் மருந்தும் தொழிற்சூழலும் உடையவர். இரண்டாவதில் அவர் தனித்து நின்ற ஒரு மனிதர். மருத்துவ ஆற்றல் என்பது மூளையில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. அது கருவிகளையும் துணை ஊழியரையும் நிறுவனத்தையும் சார்ந்தது, சமூக உற்பத்தியாகும். வெறுங்கையுடன் நிற்கும் வைத்தியரிடம் வைத்தியசாலையின் ஆற்றலை எதிர்பார்த்தல் நியாயமன்று. பிரித்தானியத் தொழிற்சபைகளின் இன்றைய விதிகள் இதனை உணர்ந்தே அமைக்கப்பட்டுள்ளன. வைத்தியருக்கான விதியும், 2015 ஆம் ஆண்டுத் தாதியர் கோவையும், தொழிலிடத்துக்கு வெளியேயும் அவசர வேளையில் உதவ முன்வருமாறு பணிக்கின்றன. அதேவேளை தனது பாதுகாப்பு, தனது தகைமையின் எல்லை, வேறு உதவி கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றைக் கருத்திற்கொள்ளவும் அவை இடமளிக்கின்றன.

இந்தியாவும் இலங்கையும்

மெக்காலேயின் கோவை பிறந்த மண்ணிலேயே 1989 இல் புதியதொரு கொள்கை ஒலித்தது. மோட்டார் வாகனத்தால் மோதுண்ட ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரை அண்மையிலிருந்த வைத்தியசாலை ஏற்க மறுத்தது. சட்டமருத்துவ விடயங்களைக் கையாள அனுமதி பெற்ற வைத்தியசாலை 20 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதாகக் கூறி அனுப்பியது. வழியிலேயே அவர் இறந்தார். இதனையொட்டி எழுந்த பொதுநல வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், அரச சேவையிலாயினும் தனியார் தொழிலிலாயினும் ஒவ்வொரு வைத்தியரும் உயிர்காக்கும் தொழிற்கடமை உடையவர் என்றும், எந்தச் சட்ட நடைமுறையும் அதற்குத் தடையாகாது என்றும் தீர்த்தது. அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் உயிர்வாழும் உரிமையே இதற்கு அடிப்படை. 1837 இல் நோயாளிக்கு மனிதாபிமானமன்றி வேறு உரித்தில்லை எனப்பட்டது. 1989 இல் அவனுக்கு உரிமை உண்டு எனப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்தது குடியேற்றவாதத்தின் வீழ்ச்சியும் மக்கள் இயக்கங்களின் எழுச்சியுமாகும்.

இலங்கையிலே பொதுச்சட்டமாக உள்ள உரோமன்–டச்சுச் சட்டமும் இத்திசையில் வளர இடமளிப்பதே. அச்சட்டத்தைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1975 இல், பொலிஸ் நிலையத்தில் ஒருவர் தாக்கப்படுவதைத் தடுக்காது நின்ற பொலிஸார் பற்றிய வழக்கில், சமூகத்தின் சட்டவுணர்வு வேண்டுமிடத்துச் செய்யாமையும் தீங்காகும் என்றது. நமது அரசியலமைப்பு உயிர்வாழும் உரிமையை வெளிப்படையாகக் கூறாதபோதும், 2003 இல் உயர் நீதிமன்றம் அது உட்கிடையாக உள்ளது என ஏற்றுள்ளது.

சட்டத்தினும் வலியது சமூக உண்மை. இந்நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வியும், 1951 முதல் அரச வைத்தியசாலைகளிற் கட்டணமற்ற சிகிச்சையும் வளர்ச்சி பெற்றன. அரச பல்கலைக்கழக மருத்துவ பீடங்களில் வைத்தியராகும் ஒருவரின் திறமை, தோட்டத் தொழிலாளியும் விவசாயியும் மீனவரும் செலுத்திய வரியால் உருவானது. 1927 ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டம் பதிவு பெறாதோர் மேலைத்தேய மருத்துவத்தைத் தொழிலாகக் கொள்வதைத் தடுக்கின்றது. எனவே அனுமதிப்பத்திரம் வெறும் தடுப்பு என்ற இந்தியானா நீதிமன்றத்தின் வாதம் இங்கு பொருந்தாது. தடுப்பு என்பது தடுக்கப்படாதோருக்கு ஏகபோகமாகும். ஏகபோகத்தைப் பெற்றவர், அதனை வழங்கிய சமூகத்துக்குக் கடமைப்பட்டவரே.

ஓய்வு என்னும் உரிமை

இதுகாறும் கூறியவற்றால் கடமை உண்டு என்பது பெறப்படும். ஆயின் இதே நியாயத்தை ஆராயாது நீட்டுவோமாயின் வேறோர் அநீதிக்கு இட்டுச் செல்லும். ஓய்வு நேரம் எவரும் அருளிய கொடையன்று. எட்டு மணிநேர வேலைக்காக உலகெங்கும் தொழிலாளர் நடத்திய போராட்டத்தின் பேறு. தாதிய ஊழியரின் வேலைநிலைமைகளுக்கெனச் சர்வதேச தொழிலாளர் தாபனம் தனிச் சமவாயம் ஒன்றை ஏற்றது 1977 இலேயே. சேவை என்ற பெயராலும், பெண்களின் இயல்பான பரிவு என்ற பெயராலும் தாதியரின் உழைப்பு நெடுங்காலம் மலிவாகப் பெறப்பட்டமையே இத்தாமதத்துக்கு முக்கிய காரணமாகும். நமது கிராமங்களிற் பணியாற்றும் குடும்பநல மருத்துவமாதுக்கு இரவும் பகலும் ஒன்றே. அவரது வீட்டுக் கதவு எப்பொழுதும் தட்டப்படலாம். ‘கடமையில் இல்லாத நேரம்’ அவருக்குப் பெரும்பாலும் ஏட்டளவிலேயே உள்ளது.

மறுபுறத்தில், 1977 இன் பின்னர் அரச வைத்தியர் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் தொழில் புரிய அனுமதிக்கப்பட்டனர். இங்கு ஓய்வு நேரம் விற்பனைக்குரிய நேரமாயிற்று. மருத்துவ ஊழியர் என்ற ஒரே சொல்லால் நாம் குறிக்கும் கூட்டத்தினுள்ளே ஓய்வு நேரம் இருவேறு வர்க்கப் பொருளைக் கொண்டிருக்கின்றது. பன்னிரண்டு மணிநேரம் நின்ற காலுடன் வீடு திரும்பும் சிற்றூழியரின் ஓய்வும், கட்டணத்துக்குக் கிடைக்கும் நிபுணரின் ஓய்வும் ஒன்றல்ல. பணங் கொடுப்போனுக்குத் திறக்கும் நேரம், வீதியில் வீழ்ந்தவனுக்கு மாத்திரம் மூடியிருக்கலாகாது.

2009 டிசெம்பரில் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில், இடைவேளையிலிருந்த அவசர மருத்துவ ஊழியர் இருவர், அருகே நோயுற்று வீழ்ந்த கர்ப்பிணித் தொழிலாளிக்கு உதவாது சென்றனர் என்ற செய்தி பெருங் கண்டனத்தை எழுப்பியது. பெண்ணும் சிசுவும் இறந்தனர். ஊழியர் சம்பளமின்றி இடைநிறுத்தப்பட்டனர். அவர்களது செய்கையை எவரும் நியாயப்படுத்தார். எனினும் இத்தகைய ஒரு நிகழ்வு உலகையே அதிரவைப்பதற்குக் காரணம் அதன் அருமையே. 2008 முதல் 2010 வரை ஐந்து விமான நிறுவனங்களில் நிகழ்ந்த 11,920 மருத்துவ அவசர நிலைகளை ஆராய்ந்து 2013 இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் 48 சதவீதமானவற்றில் உடன்பயணித்த வைத்தியர் உதவினர் எனக் காட்டியது. தாதியரும் கணிசமான அளவில் உதவியிருந்தனர். அவர்கள் யாவரும் கடமையில் இல்லாத பயணிகளே.

நமது அனுபவமும் இதுவே. 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பூரணை விடுமுறை நாளுங்கூட. ஆழிப்பேரலை முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்ற அந்நாளில், கரையோர வைத்தியசாலைகள் சிலவே நீரில் அமிழ்ந்தன. கடமைப் பட்டியலில் இல்லாத பலர் வைத்தியசாலைகளுக்கு விரைந்தனர். அவர்களுள் தம் உறவினரை இழந்தோரும் இருந்தனர். அதேவேளை, ஊழியரிடம் அச்சமின்மையைக் கட்டளையாக வேண்ட முடியாது என்பதையும் நமது வரலாறு கற்பித்துள்ளது. 1987 ஒக்டோபர் 21, 22 ஆம் நாட்களில் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள்ளே, இந்தியப் படையினராற் கொல்லப்பட்டோரில் வைத்தியரும் தாதியரும் ஊழியரும் அடங்குவர். தம் கடமையிடத்தில் நின்றமையே அவர்களது உயிரைப் பறித்தது. அத்தகைய ஊழியரைப் பாதுகாக்கத் தவறும் அதிகாரங்கள், அவர்களது கடமையைப் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகின்றன.

முடிவுரை

மேற்கூறிய ஆராய்ச்சியினின்று சில முடிபுகளை வகுத்துக் கொள்ளலாம்.

முதலாவதாக, கடமையில் இல்லாத மருத்துவ ஊழியருக்கும் உதவிக் கடமை உண்டு. அது அவரது இயல்பான நற்குணத்திலிருந்தன்றி, சமூகத்தால் ஆக்கப்பட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட திறமையிலிருந்து எழுகின்றது.

இரண்டாவதாக, அக்கடமை குறுகியது. ஆபத்து உடனடியானதாகவும், ஊழியர் அண்மையில் உள்ளவராகவும், வேறு தக்க உதவி இல்லாததாகவும், அவரது உயிருக்கு ஊறு நேராததாகவும் இருத்தல் வேண்டும். கையில் உள்ள கருவிக்கும் பெற்ற பயிற்சிக்கும் மேற்பட்டதை அது வேண்டாது. உதவி அழைத்தலும், அது வரும்வரை உடனிருத்தலும் அக்கடமையின் நிறைவேற்றமே.

மூன்றாவதாக, அவசரம் வேறு, பற்றாக்குறை வேறு. எதிர்பாராது வீழ்ந்த ஒருவருக்குக் கைகொடுத்தல் அவசரத்துக்கு உதவுதல். ஆளணியை நியமிக்காது விட்டுவிட்டு, உள்ள ஊழியரின் ஓய்வை நாள்தோறும் பறித்தல் நிருவாகத்தின் தவறு. பின்னையதை முன்னையதன் பெயரால் மூடிமறைத்தல் சுரண்டலாகும்.

நான்காவதாக, கடமையை மீறுவோரைத் திருத்துதல் முதலிற் தொழிற்சபையின் பொறுப்பு. சிறைத்தண்டனை அருமையான, தெளிவான மறுப்புக்கே உரியது. அதனைவிட முதன்மையானது, நல்லெண்ணத்துடன் உதவியவரை வழக்கிலிருந்து பாதுகாப்பதும், உதவும்போது அவர் காயமுற்றால் ஈடுசெய்வதும் ஆகும்.

மெக்காலே ஆற்றங்கரையில் நிறுத்திய சேவகனை இவ்விடத்து மீண்டும் எண்ணிப்பார்த்தல் தகும். எச்சரிக்கைக்காக நியமிக்கப்பட்டவன் வாளாவிருந்தால் குற்றவாளி என்றார் அவர். அவனை நியமிக்காது விட்ட அதிகாரம் குற்றவாளியா என்பதை அவர் வினவவில்லை. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 முதல் யாழ்ப்பாணத்துக்கும் ஏனைய பகுதிகளுக்கும் விரிந்த 1990 இலவச அம்புலன்ஸ் சேவை, அவ்வினாவுக்கு இந்நாடு காலந் தாழ்த்தி அளித்த விடைகளுள் ஒன்றாகும். அத்தகைய விடைகள் பெருகுமளவுக்குத் தனியொரு ஊழியரின் மனச்சாட்சிமீது நாம் ஏற்றும் பாரம் குறையும். வழியில் வீழ்ந்தவருக்கு முதலில் தேவைப்படுவது அருகிலுள்ள ஒரு கை. அதனைத் தொடர்ந்து தேவைப்படுவது ஒழுங்கமைந்த ஒரு சமூகம். முன்னையதை ஊழியரிடம் கேட்கும் உரிமை, பின்னையதைக் கட்டியெழுப்ப முற்படும் சமூகத்துக்கே உண்டு.